ஃபினிஷுக்கு ரஷ்யனில் என்ன?

ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

ஐஸ் ஸ்கேட்டிங் லைவ் பார்த்துப் பார்த்தே நான் ரஷ்யன் கற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரியும். இன்று எங்கள் தோல் கம்பெனி மேனேஜருக்கும் தெரிந்துவிட்டது.

வீடியோ காலில் எங்களிடம் தோல் வாங்கும் ரஷ்யாக்கார அம்மா. வழக்கமாக மொழிபெயர்ப்பவர் லீவு.

"இந்த ஃபினிஷ் ஓகேவான்னு கேளும்மா. ஓகேன்னா உடனே ஸ்ப்ரே அடிக்கணும்" என்றார் மேனேஜர், பூச்சு அடித்த சாம்பிள் தோலைக் கேமராவில் காட்டியபடி.

ஃபினிஷ் என்றால் எங்களுக்குத் தோலின் மேல்பூச்சு. எனக்குத் தெரிந்த ரஷ்ய ஃபினிஷோ பந்தயம் முடிகிற கோடு. போனில் மொழிபெயர்ப்பு ஆப் இன்னும் நான்கு வார்த்தை காட்டியது. நான் தப்பாகக் கேட்டு அந்தம்மா தலையாட்டிவிட்டால் ஒரு லாட் தோலும் பாழ். அடித்த பூச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

"இன்னாடி முழிக்கிற? அங்க மெஷின் ஓடுது!" என்றாள் ஸ்ப்ரே செக்‌ஷனிலிருந்து வந்து நின்ற சபீனா.

"யா நி ஸ்னாயூ" என்றேன் கேமராவைப் பார்த்து. எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

அந்தம்மா சிரித்துவிட்டார். தன் ஷூவைக் கழற்றி கேமரா முன் பிடித்து, மினுமினுப்பைக் கட்டைவிரலால் தேய்த்து, வேண்டாம் என்று கையசைத்தார்.

"பளபளப்பு ஜாஸ்தியாம் சார்! நான் போய் நிறுத்துறேன்!" சபீனா ஓடினாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சூப்பர்மா! இன்னா சரளமா பேசுற! திங்கக்கிழமை காலும் நீயே பேசிடு."

நான் சரளமாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். திங்கட்கிழமைக்குள் இன்னொன்று யாராவது கற்றுக்கொடுங்கள்.