முன் ஸ்பிரிங்கைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு

சுனாமியில் கடல் ஊர்களுக்குள் புகுந்த நான்காம் நாள் காலை ஆறு மணிக்குத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கிளம்பினோம். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய லாரி. நான்கு சக்கரமும் இழுக்கும். பின்னால் ஐயாயிரம் லிட்டர் குடிதண்ணீர். ஓட்டியவர் ஜபருல்லா பாய். சவூதிப் பாலைவனத்தில் ஒன்பது வருஷம் இதைவிடப் பெரிய வண்டிகளை ஓட்டித் திரும்பியவர். மருந்துக்கடை வைத்திருக்கும் நான் மாத்திரைப் பெட்டிகளுடன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத் தெருவில் அவருடைய அக்கா வீடு. போன் போகவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது.

தஞ்சாவூர் தாண்டி நீடாமங்கலத்தை நெருங்கும்போது முன்பக்கம் ஏதோ நறநறத்தது. பாய் அடியில் படுத்துப் பார்த்தார். இடது ஸ்பிரிங்கில் அடுக்கிய இரும்புப் பட்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. எதிரே வந்த நிவாரண லாரிக்காரர், "அங்க ரோடே இல்லீங்க. ரெண்டு லாரி முன் ஸ்பிரிங் உடைஞ்சு குழியில கிடக்கு" என்றார்.

பாய் வண்டியைப் பட்டறைக்கு விட்டார். உடைந்ததை மாற்றுவதோடு, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாக வைத்து, போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். மத்தியானம் ஆகிவிடும் என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், மாத்தினது போதும், கிளம்புவோம். உங்க அக்காவை நினைச்சுப் பாருங்க."

"அவங்களைப் பார்க்க மட்டும்னா பஸ்லயே போயிருப்பேன் சார். தண்ணியோட போகணும்."

சொல்லிவிட்டு அவர் வெல்டிங் பொறி தெறிக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்கு நாகப்பட்டினத்தைக் கடந்தோம். படகுகள் வீட்டுக் கூரைகள்மேல் கிடந்தன. ஓரிடத்தில் சாலையை அலை அறுத்துப் போயிருந்தது. பாய் மெதுவாகப் பள்ளத்தில் இறக்கினார். முன்பக்கம் தடாலென்று அமுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி உறுமியபடி மேலேறியது.

அக்கா வீட்டுத் தெருமுனையில் குடங்களோடு கூட்டம் சூழ்ந்தது. பாய் குழாயைத் திறந்துவிட்டார். ஏழெட்டுப் பேருக்குப் பின் பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றார்.

"தம்பி..."

பாய் நிமிர்ந்தார். "ராத்தா!"

"மச்சான் துபாய்லேருந்து வந்துட்டிருக்காரு. எங்க மாமியாரு போயிட்டாங்கடா. கையைப் பிடிச்சிருந்தேன். இழுத்துட்டுப் போயிருச்சு."

பாய் ஒரு கையால் அக்காவின் தோளை அணைத்துக்கொண்டார். இன்னொரு கை குழாயை விடவில்லை. பின்னால் வரிசை நின்றது.

அந்த வண்டி அதன்பின் ஒரு மாதம் அங்கேயே தண்ணீர் சுமந்தது. நான் மறுநாள் பஸ்ஸில் திரும்பினேன். கடலோரம் உப்பேறிக் கருகிய வயல்கள். திருவாரூருக்கு மேற்கே பழுக்கத் தொடங்கிய சம்பா. ஒரே பயிர், ஒரே பட்டம்.

எங்கள் ஊரில் இறங்கியபோது தெருக்குழாயை யாரோ திறந்தபடி விட்டுப் போயிருந்தார்கள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டு அங்கேயே சற்று நேரம் நின்றேன்.