கீழிருந்து கட்டிய தோட்டம்

லெனார்ட் ஹெய்க் வட இங்கிலாந்தின் கால்டர் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டியே வயதானவர். ஏற்றமும் இறக்கமும் தவிர வேறு சாலையை அவர் அறிந்ததில்லை. ஓய்வுக்குச் சில வருடம் முன்பு அவரும் மனைவி மேவிஸும் வாங்கிய வீடும் மலைச்சரிவில்தான் வாய்த்தது. விக்டோரியா ராணி காலத்தில் யாரோ ஆலை மேலாளர் கட்டியது. புகை படிந்து கறுத்துப்போன கல்வீடு. முன்பக்கம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பின்னால் சமையலறைக் கதவைத் திறந்தால் தோட்டம் என்ற பெயரில் ஒரே சறுக்கு. நாற்காலி போட்டால் நாற்காலி நிற்காது. மேவிஸ் அதைப் பற்றி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான். காலை மிதித்தவனிடம் தாங்களே மன்னிப்புக் கேட்பார்கள்.

அவளுக்கு நடுக்குவாத நோய் வந்தது போன வருடம். கால்கள் மெல்ல மெல்லப் பிடி விட்டுப்போகும், அதற்குள் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் பக்குவமாகச் சொன்னார். லெனார்டுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: கால் ஓயும் முன்னால் மேவிஸ் தன் வீட்டுத் தோட்டத்தில் வெயிலில் உட்கார வேண்டும். ஆயுசெல்லாம் சேர்த்த பணத்தை அதற்கே எடுத்து வைத்தார்.

ரோவினா என்ற தோட்ட வடிவமைப்பாளர் வந்தாள். கெட்டிக்காரி. சரிவை மூன்று தட்டுகளாக வெட்டி வரைந்து காட்டினாள். கீழ்த்தட்டில் ஆப்பிள் மரங்கள், நடுவில் ரோஜா, சமையலறையை ஒட்டிய மேல்தட்டில் கல் பாவிய முற்றம். வீட்டின் வயதுக்குச் சிமெண்ட் சுவர் அழகாக இருக்காது, அதே ஊர்க் கல்லால் சாந்தில்லாமல் அடுக்கினால்தான் பொருந்தும் என்றாள். லெனார்ட் அந்தப் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி பூரித்துப்போனார்.

ரோவினா முறையாகக் கேட்கவும் செய்தாள், இதில் எந்தத் தட்டு உங்களுக்கு முக்கியம் என்று.

"உங்களுக்கு எது சவுகரியமோ அப்படியே செய்யுங்கம்மா," என்றாள் மேவிஸ். "எங்களால உங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம்."

லெனார்டும் அதையே வழிமொழிந்தார். அந்த அறையில் எல்லோரும் மிக நாகரிகமாக நடந்துகொண்டார்கள். நாசமாய்ப்போன நாகரிகம்.

ரோவினாவுக்குச் சவுகரியம் கீழிருந்து தொடங்குவது. மண்வெட்டும் இயந்திரம் வீட்டின் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வர முடியும். மேல்தட்டை முதலில் கட்டிவிட்டால் அது கீழே இறங்க வழி இருக்காது. ஆகவே கீழ்த்தட்டை முதலில் முடித்துவிட்டுப் பின்வாங்கிப் பின்வாங்கி மேலே வர வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் அந்த வசந்தம் முழுக்க மழை கொட்டியது. இயந்திரம் ஏறி இறங்கிய தடத்தில் சமையலறை வாசல் சேற்றுப் பள்ளமாயிற்று. முன்பு கதவுநிலையைப் பிடித்தபடியாவது நின்று வெளிக்காற்று வாங்கிய மேவிஸுக்கு அதுவும் போயிற்று.

கைத்தடியோடு நடந்தவள் பிறகு நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்தாள். கோடை பிறந்தபோது அவளை ஜன்னலோரம் கொண்டுவந்து உட்கார வைக்க லெனார்டின் தோள் தேவைப்பட்டது. கீழே ஆப்பிள் கன்றுகள் நட்டாகிவிட்டது. நடுச்சுவர் பாதி ஏறியிருந்தது. லெனார்ட் ஜன்னலுக்கும் சேற்றுக்கும் நடுவில் நின்று தவித்தார். கற்களை அவரால் தூக்க முடியாது, மழையை நிறுத்த முடியாது, அவள் கால் ஓய்வதையும் நிறுத்தி வைக்க முடியாது.

ஒரு நாள் காலை, ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுக்கும்போது, மேல்தட்டு வந்ததும் என்னென்ன பூ வைக்கலாம் என்று அவளிடம் கேட்டார். மேவிஸ் ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"நான் ஆசப்பட்டது இவ்வளவு இல்ல லெனார்ட்," என்றாள். "கதவுக்கு வெளிய ஒரு நாற்காலி போடுற அளவுக்குச் சமமா இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன, கண்ணு?"

"அந்தப் படங்களைப் பாத்து நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. நான் எப்படிச் சொல்றது?"

லெனார்ட் ஜாம் கத்தியைக் கீழே வைத்தார். ஒரு நாற்காலி இடம். கதவின் வலப்பக்க மூலையில், இயந்திரத் தடத்துக்கு அப்பால், நாலைந்து பலகைக்கல்லைப் பாவினால் தீர்ந்தது. கல் குவியலாகக் கீழே கிடக்கிறது. கொத்தனார் டெரிக்குக்கு அரை நாள் வேலை. இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

ரோவினாவும் டெரிக்கும் நடுச்சுவரருகே நின்றிருந்தார்கள். டெரிக் தான் அடுக்கிய கற்களைத் தடவிக் காட்டினான். நாள் தவறாமல் மழையில் நனைந்து வேலை செய்கிறவன். அவன் முகத்தைப் பார்த்ததும் லெனார்டின் வாயில் இருந்த பேச்சு வேறு வடிவம் எடுத்தது.

"வேலை பிரமாதமா வந்துட்டிருக்கு," என்றார். "ஒண்ணு மட்டும்... உங்களுக்குத் தோதுப்பட்டா, எப்பவாவது, அந்தக் கதவு மூலையில ரெண்டு கல்லு பாவிட்டா நல்லாருக்கும். ஒண்ணும் அவசரமில்ல. கஷ்டம்னா விட்டுடுங்க."

"அதுக்கென்ன, தாராளமா," என்றாள் ரோவினா மலர்ந்த முகத்தோடு. "அவசரமில்லன்னா மேல்தட்டோட சேத்தே செஞ்சுடலாம். இலையுதிர் காலத்துல அங்க வந்துடுவோம்."

ரொம்ப நன்றி என்றார் லெனார்ட். பழக்கதோஷம். இரண்டு தடவை வேறு சொன்னார். காலிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். வழியில் ஒருமுறை திரும்பி நின்றார். இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கிவிட்டது.

மேவிஸ் ஜன்னலில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"செய்றோம்னாங்க." அவர் கோப்பைகளைத் தொட்டியில் வைத்தார். "அவசரமில்லன்னு நான்தான் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் திரும்ப ஓடியிருப்பார். தன் கைகள் மடியில் நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல," என்றாள். "இந்த நாற்காலிய மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பி விடறியா? வெயில் கண்ணுல அடிக்குது."

வெளியே வானம் மூடிக் கிடந்தது. லெனார்ட் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.