ஏழு கிணற்றுக் கன்னிமார்

ராணியம்மாள் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. தெருவே பொங்கல் வைக்கும்போது அவள் மாட்டில் பால் கறந்துகொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் ஒரே வாரத்தில் ஏழு கோயில் கட்டினாள், அதுவும் செங்கல் இல்லாமல்.

சங்கராபுரம் பக்கம் எங்கள் ஊர். மேற்கே ரசாயன பேரல் கழுவும் கிடங்கு வந்ததிலிருந்து ஏழு கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. குடிக்க வேறு தண்ணீர் இல்லை. அதைக் குடித்து அவள் மகளுக்கு உடம்பெல்லாம் புண். மனு கொடுத்தால் பார்க்கிறோம் என்பார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் நமக்கு ஒரு ஜென்மம் போய்விடும்.

ரீசார்ஜ் கடை அத்தியாதான் செல்போன் மேப்பில் கிணறுகளைக் குறிக்கக் கற்றுக்கொடுத்தாள். 'விஷக்கிணறு' என்று போட்டால் மேப் ஏற்கவில்லை. கோயில் என்று போட்டதும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கோயில் என்றாலாவது யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று கன்னிமார் ஏழு பேரையும் கிணற்றுக்கு ஒருத்தியாகக் குடிவைத்துவிட்டாள் ராணியம்மாள். நீர்க்கரையில் இருக்கும் சாமிகள்தானே, பொருத்தமாகத்தான் இருந்தது.

வந்தார்கள். சின்னசேலத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து, மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமுமாக வந்தார்கள். சாமி கிணற்றைக் கண்டால் நம் ஜனம் சும்மா இருக்குமா? தீர்த்தம் என்று மொண்டு வாயில் ஊற்றிக்கொள்ளப் பார்த்தது. ராணியம்மாள் பால் கேனைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினாள். இந்தக் கன்னிமார் தீர்த்தம் தரமாட்டார்கள் என்று அவள் போட்ட சத்தத்தில், அருள் வந்துவிட்டதென்று இரண்டு பேர் அவள் காலிலேயே விழுந்தார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. ஒருநாள் மெயின் ரோட்டில் மறியல். மேப் பார்த்துச் சுற்றுவழியில் வந்த ஒரு ஜீப் கிணற்றடியில் நின்றது. இறங்கியவர், அவள் மனுவை வாங்கிக்கொண்டு பார்க்கிறோம் என்ற அதே அதிகாரி. பக்திமான். செருப்பைக் கழற்றிவிட்டு வாளித் தண்ணீரைக் கையில் ஏந்தினார்.

"குடிக்காதீங்க சார். அதக் குடிச்சிதான் எம் பொண்ணு ஒடம்பெல்லாம் புண்ணாயி கெடக்குறா."

அவர் கையை உதறிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது. சாமி பேரில் பொய்யா என்று கேட்டார்.

"கெணறுன்னு எழுதிக் குடுத்தப்ப நீங்க வரலியேங்க."

அவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். சோதனைக்குப் பிறகு ஊருக்கு லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. மகளுக்குப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. கிடங்கு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. இந்தக் கோயில் இப்போதும் இருக்கிறதா என்று மேப் அவ்வப்போது கேட்கும். கிடங்கு இருக்கும்வரை ஆமாம் என்றுதான் அழுத்துவாள் ராணியம்மாள்.