போன வருடத்து வாசகம்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் என் மச்சான் ஒரு காரியம் செய்தார். கோயில் நிறைய ஜனம் இருக்க, மேடையேறி, கணீரென்ற குரலில், ஓர் எழுத்துப் பிசகாமல்... போன வருடத்து வாசகத்தைப் படித்துவிட்டு இறங்கினார்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் பைபிளின் எந்தப் பகுதியை வாசகமாகப் படிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. 'பொதுக்காலம் பதினெட்டாம் ஞாயிறு' எல்லா வருடமும் வரும். ஆனால் அன்றைய வாசகம் வருடா வருடம் மாறும். தலைப்பு ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு.

மச்சான் என்றால் என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். பெயர் ஞானப்பிரகாசம். எழுபதைத் தாண்டியவர். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனார். குறிஞ்சிப்பாடியில் வண்டி நிற்கும்போது அவர் குரல் கொடுத்தால், டீக்கடையில் பாதி டீ குடித்தவரும் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார். ரிட்டயர் ஆனதும் அந்தக் குரலைக் கோயில் பிடித்துக்கொண்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, முதல் வாசகம் மச்சானுக்கு. அந்த நாளுக்கென்றே தனியாக ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறார். அதை வேறு யார் கல்யாணத்துக்கும் போடமாட்டார்.

நானும் ஸ்டெல்லாவும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சனிக்கிழமை மாலையே போய்விட்டோம். சமையலறையில் மேரி அக்கா, அதாவது மச்சானின் மனைவி, ஒரு வரி படிக்க, மச்சான் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதான தம்பதியின் பக்தி என்று நினைத்துக்கொண்டு நான் ஃபோனை நோண்டினேன்.

மறுநாள் காலைப் பூசை. மச்சான் மேடையில் நின்று புத்தகத்தின் மேல் கை வைத்தார். இந்த வருடம் படிக்க வேண்டியது, தாகமாக இருப்பவர்களை வாருங்கள் என்று அழைக்கும் வாசகம். மச்சான் ஆரம்பித்ததோ, மனிதன் பாடுபடுவதெல்லாம் வீண் என்று அலுத்துக்கொள்ளும் வாசகம். முன்வரிசையில் வாசகம் அச்சடித்த தாள்களைப் புரட்டும் சத்தம். மச்சான் நிதானமாக முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றார். ஜனம் பழக்கதோஷத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்றது.

பூசை முடிந்ததும் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ஃபாதரிடம் போனார்.

"ஃபாதர், ஏதாச்சும் தப்பாப் படிச்சிட்டனா? தாளைப் பொரட்டுற சத்தம் கேட்டுச்சு."

ஃபாதர் சின்ன வயசுக்காரர். தயங்கித்தான் சொன்னார். "நல்லாத்தான் படிச்சீங்க ஐயா. ஆனா அது போன வருஷத்துது."

"போன வருஷத்துதா?"

"ஆமாய்யா. புக்கு சரியான பக்கத்துலதான் தொறந்திருந்துச்சு..."

அதற்கு மேல் ஃபாதர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சரியான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் எப்படி வேறு வாசகத்தைப் படிக்க முடியும்?

"கண்ணு தெரியல ஃபாதர்" என்றார் மச்சான். "வருஷம் ஒண்ணாச்சு. நடுவுல ஒரே புகையா இருக்குது. இப்பக்கூட உங்க ரெண்டு காதும் தெரியுது, மொகம் தெரியல. டாக்டரு இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாரு. வீட்ல அவ படிச்சுக் காட்டுவா, நான் மனப்பாடம் பண்ணிகிட்டு வந்துடுவேன். பழைய தாளும் புதுத் தாளும் ஒரே கட்டுல இருந்திருக்கு. அவ மேல தப்பில்ல."

ஒரு வருடமாக எங்களிடம்கூட மூச்சு விடவில்லை இந்த மனிதர்.

"அதனால என்னய்யா? மனப்பாடமாவே சொல்லுங்க. எந்த வாசகம்னு நான் முன்னாடியே செக் பண்ணித் தர்றேன்" என்றார் ஃபாதர். நல்ல மனசு.

"வேணாம் ஃபாதர். படிக்கிற மாதிரி நடிச்சது போதும். அந்த எடத்துல நின்னு நடிக்கக் கூடாது. இனிமே என் பேரைப் போடாதீங்க."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மச்சான் சொன்னார். "அவ்ளோதான் மாப்ள. இனிமே டைம் பாஸ்தான்."

டைம் பாஸ்... ரிட்டயர் ஆனவர்களைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "பொழுது எப்படிப் போகுது?" நேரம் என்னவோ வேண்டாத விருந்தாளி மாதிரி, எப்போது கிளம்பும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. நேரம் நம் சொத்தில்லை, கொடுத்தவர் ஒருநாள் என்ன செய்தாய் என்று கேட்பார். சரி, நேரத்தைக் கொடுத்தவர் கண்ணை வாங்கிக்கொண்டால்? மீதி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்வார்? மச்சான் அந்த வெள்ளைச் சட்டையை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பதில் மேரி அக்காவிடம் இருந்தது. ஆனால் அது பதில் என்று அக்காவுக்கே தெரியாது.

மத்தியானம் அக்கா சாதமும் கறிக்குழம்பும் கேரியரில் போட்டார். பின்தெருவில் ரோசலி அம்மா என்று ஒருவர். இடுப்பு எலும்பு உடைந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அக்கா கையால்தான்.

"அந்தம்மா வாராவாரம் இன்னிக்கு என்ன வாசகம்னு கேக்குது. எனக்கு பாதிகூட வரமாட்டேங்குது. நீங்களே வந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

"நான் எதைச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சது போன வருஷத்துது" என்றார் மச்சான், எரிச்சலோடு.

"அது கோயிலுக்கு வந்தே ரொம்ப வருஷமாச்சு. அதுக்கு எல்லாம் புதுசுதான். கெளம்புங்க."

கேரியரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ரோசலி அம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். மச்சான் கட்டிலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காலையில் சொன்ன அதே வாசகத்தைச் சொன்னார். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மெல்லிய குரலில் "இறைவா உமக்கு நன்றி" என்றார். ஜனம் காலையில் சொன்னதைப் போல இல்லை, நிஜமாகவே நன்றி சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு கண்ணைத் திறந்தார். "படுத்துக் கெடக்கிறவ கிட்ட வந்து எல்லாம் வீண்னு சொல்லிட்டுப் போனா எப்படி ஞானம்? நல்லதா இன்னொண்ணு சொல்லு."

மச்சான் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. யோசித்து, ஈஸ்டர் சமயத்தில் படித்த ஒன்றைச் சொன்னார். பிறகு கிறிஸ்துமஸ் வாசகம். பிறகு இன்னொன்று. கண் மங்கிய அந்த ஒரு வருடத்து வாசகங்கள் எல்லாம் அவருக்குள் பத்திரமாக இருந்தன. கண் நன்றாக இருந்திருந்தால் படித்துவிட்டு மறந்திருப்பார், என்னைப் போல. சாதம் ஆறிப்போனது. எதிர்வீட்டிலிருந்து ஒரு வயதான இந்து அம்மாவும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டார். அவர் எந்த வருடம் என்றெல்லாம் கேட்கவில்லை.

கடலூர் திரும்பியும் எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று ஃபோன் போட்டேன்.

"எப்படி இருக்கீங்க மச்சான்? பொழுது எப்படிப் போகுது?" பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"அப்பறம் பேசட்டுமா மாப்ள? அந்த வெள்ளச் சட்டைய எங்க வெச்சேன்னு தெரியல. ரோசலி அம்மா வீட்ல சாயங்காலமானா நாலு பேரு வந்து குந்திக்கிறாங்க. டைம் இல்ல."

கட் பண்ணிவிட்டார். காலையிலிருந்து நான் செய்த ஒரே வேலை, அந்த ஃபோன் கால்தான்.