ஐயா உயரத்துக்கு ஒரு மேடை

கோமதி டீச்சர் தவறிவிட்டார் என்ற செய்தி, காலை வழிபாடு முடிந்து நாங்கள் ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது வந்தது. எதிர்பார்த்ததுதான் என்று எல்லோரும் சொன்னோம். சொல்லிவிட்டு வகுப்புக்கும் போனோம்.

நோய் குணமாகாது என்று தெரிந்த பிறகுதான், பீர்க்கன்கரணையில் இருந்த தன் வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்க அவர் கிளம்பினார். "இந்த நேரத்துல இது தேவையா?" என்று உறவுக்காரர்கள் அங்கலாய்த்தார்கள். கணவர் சபாபதி சாருக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது. பிள்ளைகளும் இல்லை. "நான் போனப்புறம் மனுஷன் ஹோட்டலே கதின்னு கிடப்பார். அது நடக்கக் கூடாது" என்று என்னிடம் சொன்னார்.

எந்த வீட்டிலும் முதலில் இடிப்பார்கள். பிறகு பைப், வயர், டைல்ஸ், கடைசியில் அலமாரி. டீச்சர் அந்த வரிசையைக் குலைக்கவில்லை. அதற்கும் முன்னால் ஒரு வேலையைச் சேர்த்தார். கார் நிறுத்தும் இடத்தில் கேஸ் அடுப்பை வைத்து, சாரை அதன் முன்னால் நிறுத்தினார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "கிச்சன் ரெடியாகறதுக்குள்ள நீங்க ரெடியாகணும்" என்பது உத்தரவு. சார் வைத்த முதல் ரசத்தை நானும் சாப்பிட்டேன். கடவுளே! வெறும் புளித்தண்ணீர். டீச்சர் சிரிக்காமல், "நாளைக்குத் திரும்ப வைங்க" என்றார்.

அடுப்பு மேடை போடும் அன்று மேஸ்திரி சண்டைக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், ஐயா உசரத்துக்கு மேடை போடச் சொல்றீங்க? உங்களுக்கு எட்டாதே!"

"எனக்கு எட்ட வேணாம் மேஸ்திரி."

மேஸ்திரி டேப்பை எடுத்துக்கொண்டு சாரின் இடுப்பு உயரத்தை அளக்கப் போனார்.

அலமாரிக்கு அளவெடுக்க வந்த கார்பென்டரையும், சார் சாம்பார் வைத்து முடிக்கும்வரை டீச்சர் உட்கார்ந்து பார்க்க வைத்தார். உப்புக்கு சாரின் கை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம்தான் உப்புக்கு இடம். இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

டீச்சரின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாலை சார் வீட்டுக்குப் போயிருந்தேன். சாரின் அக்கா, "பாவம், இந்த வயசுல இவனை அடுப்பங்கரையில நிக்க வச்சுட்டுப் போயிட்டாளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் பதில் சொல்வதற்குள் சார் எழுந்து உள்ளே போனார். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. குனியாமல் நிமிர்ந்து நின்று பால் காய்ச்சினார். எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

டீச்சரை அறிந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது அந்தக் காபிதான். நன்றாகவே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.