பொறுப்பான பிள்ளை

என் வாயைத் தைத்துவைத்திருக்கலாம். அந்த மூன்று வாரமும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாய் தகப்பன் இல்லாமல் தனியாக வந்து தஞ்சம் கேட்கும் பிள்ளைகளை உள்ளூர் நிர்வாகமான கவுன்சில், ஃபாரஸ்ட் கேட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் விடும். நாங்கள் வைத்துப் பார்ப்போம். கடைசியாக வந்தவள் வவுனியாப் பக்கத்துப் பெண். தனக்குப் பதினாறு என்றாள். அத்தாட்சிக்கு ஒரு கடதாசி இல்லை. விமான நிலையத்து அதிகாரி முகத்தைப் பார்த்துவிட்டுப் பதினெட்டுக்கு மேல் என்று சந்தேகப்பட்டிருந்தார். ஆகவே வயதைத் தீர்மானிக்கக் கவுன்சிலிலிருந்து இரண்டு சோசல் வேர்க்கர்கள் வந்தார்கள். பதினெட்டு என்று முடிவானால் பள்ளிக்கூடம் இல்லை, என் வீடும் இல்லை. முன்பின் தெரியாத பெரியவர்களோடு எங்கேயோ ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

வந்தவர்களுக்கு அவளே தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். சீனி போடவா என்று சைகையால் கேட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "இவளுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, முழு வீட்டையும் ஒரு பெரிய பெண்மணியைப் போல நடத்துகிறாள்" என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். எங்கள் சனத்தில் ஒரு பெண்பிள்ளையை இதற்கு மேல் புகழ முடியாது. ஒன்பது வயதுச் சின்னஞ்சிறிசையும் அப்படித்தான் சொல்வோம். சோசல் வேர்க்கர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் என் கணவர் தலையில் கைவைத்தார். "தவளை தன்ரை வாயாலை கெடும். நீ பிள்ளையையுமெல்லே கெடுத்துப்போட்டாய்."

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனைத் திறந்து திறந்து பார்த்தேன். தபால்காரர் கடந்துபோனால் வாசலுக்கு ஓடினேன். "இனிச் சட்டிபானையைத் தொடாதை! கட்டிலிலை கிடந்து போனைப் பார்" என்று அவளை அதட்டினேன். "என்ன அன்ரி, என்னிலை கோவமோ?" என்று கேட்டபடி சட்டியைக் கழுவினாள். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முடிவுக்கு முன் காரணங்களை வாசித்துக்காட்டி, நம் பக்கத்தையும் கேட்பார்கள். அதற்காக மூன்று வாரம் கழித்துக் கவுன்சில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்களோடு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். சோசல் வேர்க்கர் வாசித்தாள்: நிதானமாகப் பேசுகிறாள், சமைக்கிறாள், மற்றவர்களைக் கவனித்துக்கொள்கிறாள். பராமரிப்பவரே அவளைப் பெரிய பெண்மணி என்கிறார்.

"அது புகழ்ச்சி! அவள் சின்னப் பிள்ளை என்பதால்தான் அப்படிச் சொன்னேன்" என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதேன். பிள்ளை எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். "அழாதேங்கோ அன்ரி. தண்ணி குடியுங்கோ. எனக்கு ஒண்டும் நடக்காது."

சோசல் வேர்க்கர் அதைப் பார்த்தாள். பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ அழடி பிள்ளை" என்றேன் தமிழில். "இவையளுக்கு முன்னாலை ஒருக்கா அழு."

அந்த அறையில் யார் எதைப் பேசினாலும் விடாமல் ஆங்கிலத்தில் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை. அவர் அதையும் சொன்னார்.