பெயருக்கென்று விட்ட இடம்

தசரதன் அண்ணனின் சாவுச் செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. முகப்பேரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அப்போது முதல் மணிகூட அடிக்கவில்லை. திரையில் அவர் பெயரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்து, "சொல்லுங்கண்ணா" என்றேன். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் மனைவி கௌரியின் குரல் வந்தது. "அவரு பூட்டாரு டீச்சர். டீ குடிச்சிகினே இருந்தாரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு, அப்டியே சாஞ்சிட்டாரு."

ஆவடியைச் சுற்றியுள்ள சாவு வீடுகளில் அவர் பாடிக் கேட்ட உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீடு வீடாகப் போய்க் குடிநீர் இயந்திரம் பழுதுபார்ப்பது அவருடைய வேலை. ஊர் அவரை அறிந்திருந்தது மரண கானாவால். கடைசிச் சில ஆண்டுகள் அவர் தன் பாட்டைத் தானே பதிவுசெய்யக் கற்றுக்கொண்டிருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கூடச் சேர்ந்து கற்றவள் நான்.

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு ஃபில்டர் மாற்ற வந்தவர், பாடம் பதிவுசெய்ய நான் வாங்கியிருந்த மைக்கைப் பார்த்துவிட்டார். "இதுல பாட்டு பாடலாமா டீச்சர்?"

"பாடலாம். எந்த சாஃப்ட்வேர்ல பதிவு பண்றதுன்னுதான் எனக்கே தெரியல."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்" என்றார். அந்த ஞாயிறே கௌரியையும் ஒரு டோலக்கையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்று மென்பொருள்களை இறக்கி வைத்திருந்தேன். முதலாவது அழகாக இருந்தது. சில நாள்தான் இலவசம். இரண்டாவது சினிமாக்காரர்கள் வைத்திருப்பது என்றார்கள். அதைத் திறந்தாலே என் பழைய லேப்டாப் திணறியது. மூன்றாவது சாம்பல் நிறத்தில், அரசு அலுவலகக் கணினி போல இருந்தது. அண்ணன் ஒரே பாட்டை மூன்றிலும் பாடினார். ஒவ்வொரு முறையும் பாதிப் பாட்டில், "ஒயர புடுங்குங்க" என்றார். பேட்டரி செத்துப்போன லேப்டாப், ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். தயங்கித் தயங்கிப் பிடுங்கினேன். மறுபடி திறந்தபோது முதல் இரண்டிலும் ஒன்றுமே இல்லை. மூன்றாவது மட்டும், முடியாமல் நின்ற பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கட்டுமா என்று கேட்டது. அதை அழுத்தினால், விட்ட சொல் வரைக்கும் அவர் குரல் வந்தது.

"இதான் நம்புளுது" என்றார். "அழுதுகினே பாடுனத மறுபடி பாட முடியாது டீச்சர். போவாம புடிச்சி வைக்கறதுதான் வேணும்."

ஒரு மாதம் கழித்து நான் இரைச்சல் நீக்கக் கற்றுக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் லாரிச் சத்தம் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, அடிகளுக்கு நடுவே வந்த அவருடைய மூச்சுகளையும் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். பாட்டு பளிங்கு மாதிரி ஆகிவிட்டது என்று பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்.

"மூச்ச எடுத்துட்டீங்களா? பாடுறவனே செத்தவன் மாரி கீறான். அத்த மறுபடி உள்ள வைங்க."

வைத்தேன். இப்போது அந்தக் கோப்புகளைத் திறந்தால் எனக்கு முதலில் கேட்பது அந்த மூச்சுதான். பாட்டு தொடங்கும் முன், என் காதுக்கு அருகில் யாரோ வாய் திறப்பது போல. சில நாள் அதற்கு மேல் கேட்க முடியாமல் மூடிவிடுகிறேன்.

துபாயில் இருந்த ஒரு பையன், அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியாமல், ஒரு பாட்டாவது அனுப்பச் சொல்லி அழுதான். அதிலிருந்துதான் அண்ணன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாட்டைக் கட்டினார். பெயர் வர வேண்டிய இடத்தில் குரலை நிறுத்தி, டோலக்கை மட்டும் ஓடவிட்டார். யாராவது கேட்டால் அந்தப் பெயரைத் தனியாகப் பாடி, அந்த இடத்தில் அவரே பொருத்துவார். நகர்த்தி, ஒட்டி, தாளத்தில் உட்கார வைப்பதில் என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம். பாடிய பெயர்கள் வரிசையாக ஒரே பதிவில் சேர்ந்துகொண்டிருந்தன. கோவிந்தம்மா, மேரி, பாஷா பாய், கன்னியப்பன். ஒருமுறை அதைத் தொடர்ந்து ஓடவிட்டுக் கேட்டேன். அவர் வாசலில் நின்று ஆட்களை உள்ளே கூப்பிடுவது போல இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அடக்கத்தன்று முத்தாபுதுப்பேட்டையில் அவர் தெரு நிறைய ஆட்கள். பாடுகிறவர்கள் பலர் வந்திருந்தார்கள். யாராலும் தொடங்க முடியவில்லை. ஒருவர் முதல் அடியிலேயே உடைந்துபோய் டோலக்கைக் கீழே வைத்துவிட்டார். கௌரி என்னைத் தேடி வந்து, "அவரு பாட்டையே போடுங்க டீச்சர்" என்றார். மூலையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பெயர்கள் இருந்த பதிவில் தேடினேன். அதில் தசரதன் என்ற பெயரும் இருந்தது. போன வருடம் திருநின்றவூரில் அதே பெயருடைய பெரியவர் ஒருவர் இறந்தபோது பாடியது. எங்கள் அண்ணனின் பெயரை அவர் குரலே இழுத்து, அழைத்து, கடைசியில் தழுதழுத்து விடுகிறது.

அதைப் பொருத்தலாமா என்று கேட்டு, கௌரியின் காதில் ஹெட்ஃபோனை வைத்தேன். கேட்டார். கண்ணை மூடி இன்னொரு முறை கேட்டார். பிறகு கழற்றி என் மடியில் வைத்தார்.

"இது வோணாம். இது அந்தப் பெரியவருக்குப் பாடுனது, அவருதாவே இருக்கட்டும். இவரை நாங்க கூப்டுக்கிறோம்."

பெயர் இல்லாமலே பாட்டைப் போட்டேன். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு இழுத்ததும் தெரு அடங்கியது. அந்த இடம் வந்தது. குரல் நின்று, டோலக் மட்டும் ஓடியது. கௌரிதான் முதலில், "யோவ் தசரதா" என்று கத்தினார். அதுவரை அவர் கணவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. அடுத்த முறை அந்த இடம் வந்தபோது தெருவே கத்தியது. அண்ணே என்றும், மச்சான் என்றும், நைனா என்றும் அவரவர் அழைக்கிற விதத்தில் அழைத்தார்கள். எல்லோரும் கத்தி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து அவர் குரல் தன் பாட்டுக்குத் தொடர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எங்களில் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

அவருடைய போன் இப்போது என்னிடம் இருக்கிறது. "இல்லன்னு ஒவ்வொரு தபாவும் என் வாயால சொல்ல முடியல" என்று கௌரி கொடுத்துவிட்டார். அழைப்புகள் இன்னும் வருகின்றன. தொடக்கத்தில், அவர் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். தாயையோ தகப்பனையோ பறிகொடுத்துவிட்டு அழைத்தவர்கள், என் குரலைக் கேட்டு எனக்கு ஆறுதல் சொல்வார்கள்.

பாடும் முன் அண்ணன் சாவு வீட்டாரிடம் ஒன்று கேட்பார். "பேரு இருக்கட்டும், அவங்க எப்டி சிரிப்பாங்க?" எனக்குப் பாட வராது. அந்தக் கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அவர் மறைந்ததைச் சொல்லிவிட்டு, அதைக் கேட்கிறேன்.

நேற்று பூந்தமல்லியிலிருந்து ஒருவர். அம்மா தவறிவிட்டாராம். கேட்டேன்.

"பஸ்ல ஏறுனா கண்டக்டர 'இன்னா மாப்ள'ன்னுதாங்க கூப்புடும். அவன் மொறைப்பான் பாருங்க, அதுக்கு வாயப் பொத்திகினு, தோளு குலுங்கக் குலுங்க…"

அவரும் சிரிக்கத் தொடங்கியிருந்தார். நான் போனை வைக்கவில்லை.